நாற்பதாவது பெயர்

மயிலாப்பூரில் பங்குனிக் கொடி எப்போது ஏறும் என்று மாட வீதிக்காரர்கள் பஞ்சாங்கத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். கால்வாய்க் கரைக் குடிசைக்காரர்களுக்கு அந்தச் சிரமம் கிடையாது. போலீஸ்காரன் வந்து குடிசை குடிசையாக எட்டிப் பார்த்து, ஆண்பிள்ளைகளைத் தலை எண்ணிவிட்டுப் போனால் திருவிழா வந்துவிட்டது என்று அர்த்தம். அறுபத்து மூவர் பார்க்க ஊரே திரளும். கூட்டம் கூடினால் சங்கிலி அறுப்பார்கள். அறுத்தவனைக் கூட்டத்தில் தேடிப் பிடிப்பது கஷ்டம். அறுக்கக்கூடியவன் என்று எழுதி வைத்திருக்கிறவனை முந்தின நாளே பிடித்து உள்ளே போடுவது சுலபம். இப்படி எழுதி வைப்பதற்கென்றே ஸ்டேஷனில் ஒரு தடி நோட்டு இருந்தது. அதில் பேர் ஏறியவனுக்குக் கேடி என்று பட்டம்.

தங்கவேலுக்கு அந்தப் பட்டம் கிடைத்துப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. பத்தொன்பது வயதில் ஒரு வக்கீல் வீட்டுக் கிணற்றடியிலிருந்து வெண்கலப் பானையை எடுத்தான். எடுத்தது நிஜம், அவனும் மறுக்கவில்லை. ஆறு மாசம் போட்டார்கள். அதற்குப் பிறகு இரண்டு தடவை உள்ளே போனான். அந்த இரண்டு தடவையும் அவன் ஒரு துரும்பைக்கூட எடுக்கவில்லை. திருவிழாவுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு போய்ச் சந்தேகக் கேஸ் என்று எழும்பூர் கோர்ட்டில் நிறுத்தினார்கள். "நீ ஒழுங்காக இருப்பாய் என்று ஜாமீன் சொல்ல, வீடு வாசல் உள்ளவர்கள் இரண்டு பேரைக் கொண்டுவா" என்றார் மாஜிஸ்ட்ரேட். கால்வாய்க் கரையில் எல்லாருக்கும் வாசல் இருந்தது, வீடுதான் இல்லை. முதல் தடவை மூன்று மாசம், அடுத்த தடவை ஒரு வருஷம்.

ஜெயிலுக்குள் போனால் அவன் யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை. இந்தப் பக்கம் கால்வாய்க் கரை, அந்தப் பக்கம் அடையாற்றங்கரை, கூவத்து ஓரம், மீர்சாகிப்பேட்டைச் சந்துகள் என்று தெரிந்த முகங்களாகவே இருக்கும். கள்ளக் கையெழுத்துப் போட்ட வக்கீல் குமாஸ்தா ஒருவர் மாட வீதியிலிருந்து வந்திருந்தார். அவரைப் பார்க்க மற்ற கைதிகள் வேடிக்கை பார்ப்பதுபோல் வந்து நிற்பார்கள். உப்புச் சத்தியாக்கிரகத்து வருஷத்தில் காங்கிரஸ்காரர்கள் வந்தார்கள். அவர்களில் படித்தவர்களுக்குத் தனிக் கொட்டடி, கட்டில், பத்திரிகை. அவர்கள் போய்விட்டார்கள். கால்வாய்க் கரை மட்டும் அப்படியே இருந்தது. வருஷக் கடைசியில் ஜெயில் ரிப்போர்ட்டில், பழைய குற்றவாளிகளின் தொகை கூடிவிட்டது, இந்த ஜனங்களுக்கு ஜெயில் பயமே போய்விட்டது என்று எழுதி மேலே அனுப்புவார்கள். மூன்று தடவை பிடித்துப் போடுகிறவர்களும் இவர்கள்தான், மூன்று தடவை வந்துவிட்டானே என்று ஆச்சரியப்படுகிறவர்களும் இவர்கள்தான்.

அந்த ஒரு வருஷம் உள்ளே இருந்தபோதுதான் தங்கவேலின் தலைப்பிள்ளை போயிற்று. அவன் பெண்சாதி வேலம்மாவுக்கு இடுப்பு வலி எடுத்தபோது பிள்ளை குறுக்கே கிடந்தது. குறுக்கே கிடக்கிற பிள்ளையைக் கையாலே தடவித் திருப்பத் தெரிந்தவள் மீர்சாகிப்பேட்டை அமீனா பீ ஒருத்திதான். அழைக்கப் போன கிழவிக்கு வீடு தெரியவில்லை. சந்து சந்தாகச் சுற்றி, அமீனா பீயைக் கூட்டிக்கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தங்கவேலுக்கு இருபது நாள் கழித்துச் சேதி வந்தது. அவன் அன்றைக்கும் கல் உடைத்தான். உடைக்கமாட்டேன் என்று சொல்ல அங்கே வழியில்லை.

இப்போது வேலம்மாவுக்கு மறுபடியும் நிறைமாசம். "பங்குனி முடியறதுக்குள்ள பொறந்துடும்" என்றாள் அமீனா பீ, வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு. "இதுவும் குறுக்காலதான் கீது. வலி எடுத்த உடனே ஆளை அனுப்பு. கொஞ்சம் தாமசம் பண்ணாலும் அல்லா விட்ட வழிதான்."

வேலம்மா புருஷனைப் பார்த்தாள். "இந்தத் தபா நீ வெளியில இருக்கணும்" என்றாள்.

தங்கவேல் மூன்று வருஷமாகத் திங்கட்கிழமை தவறாமல் ஸ்டேஷனுக்குப் போய்த் தலையைக் காட்டிவிட்டு வந்தான். திருவிழா நாட்களில் மட்டும் ஊரை விட்டு ஓடியிருந்தான். மற்ற நாட்களில் மாம்பலத்தில் கிணறு தோண்டினான். அங்கே தியாகராய நகர் என்று புதுசாகப் பேர் வைத்து, தோப்பும் வயலுமாகக் கிடந்த இடத்தில் பங்களா பங்களாவாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு உறைக்கிணறு. தங்கவேல் உறைக்குள் இறங்கி அடியிலிருந்து மண்ணை வாருவான், உறை தன் பாரத்தில் கீழே இறங்கும். மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் வேலம்மாவின் தம்பி வேலு. ஈரமண் சரிகிற சத்தம் கேட்டால் தங்கவேல் ஒரு குரல் கொடுப்பான். அடுத்த மூச்சில் வேலு அவனை மேலே இழுத்துப் போட்டிருப்பான். அப்படி இழுத்ததில் வேலுவின் வலது உள்ளங்கையில் கயிறு அறுத்த வடு ஒன்று நீளமாக விழுந்திருந்தது. மண் கூடை இடித்து இடது புருவம் இரண்டாகப் பிளந்து ஆறிய தழும்பும் உண்டு. இருபத்திரண்டு வயது. வாய் ஓயாது. ஸ்டேஷன் வாசலைக்கூட மிதித்ததில்லை.

அமீனா பீ வீட்டுக்கு வேலுவை இரண்டு தடவை கூட்டிக்கொண்டு போய் வழி காட்டியிருந்தார்கள். "கண்ணைக் கட்டிவுட்டாக்கூட போய்ச் சேருவேன் மாமா" என்றான் அவன்.

கொடியேற்றத்துக்குப் பத்து நாள் இருக்கையில் தங்கவேல் ஸ்டேஷன் ரைட்டர் சுப்புராயன் முன்னால் போய் நின்றான். சுப்புராயன் கெட்ட மனுஷன் இல்லை. யாரையும் அடித்ததில்லை. நோட்டில் கோணல் இல்லாமல் எழுதுவது ஒன்றுதான் அவருக்கு லட்சியம். மூன்று வருஷம் கேஸ் இல்லாமல் இருந்தால் பேரை அடிக்கலாம் என்று முன்பு சொன்னவரும் அவர்தான்.

"மூணு வருசம் ஆய்ப்போச்சு சாமி" என்றான் தங்கவேல்.

"ஆயிடுச்சுதான். நானும் பார்த்தேன்." சுப்புராயன் நோட்டைத் திருப்பினார். "ஆனா ஒரு சங்கடம் இருக்கு, தங்கவேலு. இந்த ஸ்டேஷனுக்கு நாற்பது பேர். நான் வேலைக்கு வந்த நாளா நாற்பதுதான். முப்பத்தொன்பதுன்னு எழுதி அனுப்பினா மேலே ஏன் குறைஞ்சதுன்னு கேட்பாங்க. கேடி குறைஞ்சா கான்ஸ்டேபிளும் எதுக்கு இத்தனை பேர்னு கேட்பாங்க. ஒருத்தன் போனா ஒருத்தன் வரணும்."

"நா இன்னா சாமி பண்றது?"

"நீ பார்க்காத ஆளா? ஒரு பேர் சொல்லு. உன் பேரை அடிச்சுட்டு அந்தப் பேரை எழுதிக்கறேன். இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டுடுவார்."

தங்கவேல் வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தான். பேர் சொல்வதென்றால் யாரைச் சொல்வது? கால்வாய்க் கரையில் நோட்டில் பேர் ஏறாத ஆண்பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தன் உப்புப் படகு தள்ளுகிறான், ஒருத்தனுக்கு நாலு பிள்ளை, ஒருத்தனுக்குக் காது கேட்காது. யார் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டாலும் அது ஒரு வீட்டின் மேல் விழும். போடாவிட்டால் அவன் வீட்டின் மேல் விழும். வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தவனுக்குத் திடீரென்று ஒரு யோசனை வந்தது. வந்தவுடன் அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. செத்தவனைச் சொன்னால் என்ன?

தணிகாசலம் என்று ஒருவன் கரையில் இருந்தான். ஒண்டிக்கட்டை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆதம்பாக்கத்துப் பக்கம் கல் உடைக்கப் போனவன் அங்கேயே வாந்திபேதியில் போய்விட்டான். பட்டணத்து எல்லைக்கு வெளியே செத்ததால் எந்தக் கணக்கிலும் அந்தச் சாவு இல்லை. செத்தவனை யார் பிடிக்க முடியும்? எந்த ஜெயில் அவனைப் பூட்டும்? தங்கவேல் எழுந்து, நெஞ்சு லேசாகி, உள்ளே போனான். இந்த இடத்தில் அவன் கையைப் பிடித்து நிறுத்த ஒருவர் இருந்திருக்கலாம். யாரும் இல்லை.

"தணிகாசலம், சாமி. எங்க கரைதான்."

சுப்புராயன் பேனாவை மையில் தொட்டுக்கொண்டார். பேரோடு விடுகிறவரா அவர்? வயது என்ன, உயரம் என்ன, நிறம் என்ன என்று கேட்டுக்கொண்டே போனார். தங்கவேலுக்குத் தணிகாசலத்தின் முகம் சரியாக ஞாபகம் வரவில்லை. கல் தூக்கிய முதுகுதான் வந்தது. தடுமாறினால் சந்தேகப்படுவாரே என்ற பயத்தில், தினமும் கண்ணால் பார்க்கிற ஆளை மனசில் நிறுத்திக்கொண்டு சொல்ல ஆரம்பித்தான். இருபத்திரண்டு வயசு. என்னைவிட நாலு விரல் உசரம். மாநிறம்.

"அடையாளம்?"

"இடது புருவத்துல ஒரு தழும்பு, சாமி. பொளந்தாப்பல."

"கையில?"

"வலது கையில கயிறு அறுத்த வடு."

சுப்புராயன் அழகாக எழுதி முடித்து மை ஒற்றினார். தங்கவேலின் பேர் மேல் ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுத்தார். பதினோரு வருஷம் ஒரு கோட்டில் போயிற்று. தங்கவேல் அன்றைக்கு வழியெல்லாம் தனக்குத்தானே பேசிக்கொண்டு வந்தான். வேலம்மா சேதி கேட்டதும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள், அவள் சந்தோஷத்துக்கு அழுகிற ஜாதி. வேலு, "அப்ப இந்த வருசம் நீயும் நானும் போய்த் தேரே இழுக்கலாம் மாமா" என்றான்.

பேரை எப்படி அடித்தார்கள், பதிலுக்கு என்ன கேட்டார்கள் என்று வேலம்மா கேட்கவில்லை. அவன் சொல்லவும் இல்லை.

அறுபத்து மூவருக்கு முந்தின நாள் காலையில் நாலு போலீஸ்காரர்கள் கரைக்கு வந்தார்கள். தங்கவேல் குடிசை வாசலிலேயே நின்றான். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக ஓடி ஒளியவோ கையை நீட்டவோ வேண்டியிராமல் நின்றான். ஏட்டு காகிதத்தைப் பார்த்துப் பேர் பேராகக் கூப்பிட்டார். ஒவ்வொருவனாக வந்து நின்றான். "தணிகாசலம்" என்றார். யாரும் வரவில்லை.

"அவன் பூட்டான் ஏட்டையா" என்று ஒரு கிழவி குரல் கொடுத்தாள்.

"எங்க போனான்?"

"செத்துப் பூட்டான்."

"திருவிழான்னா எல்லாவனும் செத்துத்தான் போவான்" என்றார் ஏட்டு. காகிதத்தை மறுபடியும் பார்த்தார். நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தார். குடிசைக்குள்ளிருந்து வேலு பல் விளக்கிக்கொண்டே வெளியே வந்தான்.

ஏட்டு அவன் முகத்தைப் பார்த்தார். "கையைக் காட்டு" என்றார். வேலு வலது கையைக் காட்டினான். எல்லாம் அத்தோடு முடிந்தது. "பேரை மாத்தி வெச்சிக்கினு நிக்கிறியா?" என்று பிடரியில் ஒரு அறை விட்டு, கயிற்றில் கடைசி ஆளாகக் கோத்தார். வேலு திரும்பித் திரும்பித் தங்கவேலைப் பார்த்தான். பயந்த பார்வை இல்லை அது. மாமா பேசி மீட்டுவிடுவான் என்ற பார்வை. தங்கவேல் வாசலை விட்டு ஓரடி எடுத்து வைக்கவில்லை.

அன்றைக்கு முழுக்க அவன் சாப்பிடவில்லை. மறுநாள் விடிந்ததும் கரையில் இருந்த பெண்களும் பிள்ளைகளும் பூவும் நுங்கும் விசிறியும் தூக்கிக்கொண்டு மாட வீதிக்குப் போய்விட்டார்கள். வருஷத்தில் ஒரு நாள் வியாபாரம், யார் விடுவார்கள்? ஆண்பிள்ளைகள் பாதிப் பேர் உள்ளே, பாதிப் பேர் ஊரை விட்டே ஓடியிருந்தார்கள். கரை துடைத்துவிட்டாற்போல் கிடந்தது.

"ரைட்டர் உனக்குத் தெரிஞ்சவர்தானே, போய்க் கேளு" என்றாள் வேலம்மா. இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டிருந்தாள். "உன் பேருதான் அடிச்சாச்சே, உன்னை இன்னா பண்ணிடுவாங்க?"

"வலிக்குதா?"

"பொய் வலி" என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அமீனா பீ இன்னும் நாலு நாள் கீதுன்னு சொல்லிச்சே. நீ போய் வேலுவைக் கூட்டிக்கினு வா. அவன் இருந்தாத்தான் எனக்குத் தைரியம்."

தங்கவேல் நடந்துகொண்டே யோசித்தான். நேராக மீர்சாகிப்பேட்டைக்குப் போய் அமீனா பீயை அழைத்து வந்துவிடலாமா? ஆனால் வேலு உள்ளே கிடக்கிறான், தன்னால் கிடக்கிறான். ஸ்டேஷன் வழியில்தான் இருக்கிறது. உண்மையைச் சொல்லி, வேலுவை விட்டுவிட்டு என்னைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று காலில் விழுந்தால் விடமாட்டார்களா? பேர் நாற்பது சரியாகிவிடும். வேலு வெளியே வந்த கையோடு அமீனா பீ வீட்டுக்கு ஓடுவான். வீட்டில் ஒரு ஆண்பிள்ளை இருந்தால் போதும், அது தானாக இருக்க வேண்டும் என்று என்ன? இப்படிக் கணக்குப் போட்டான் அவன். அந்தக் கணக்கில் தப்பு எதுவும் அவனுக்குத் தெரியவில்லை.

சுப்புராயன் முழுக்கக் கேட்டார். செத்தவன் பேரை வைத்து உயிரோடு இருக்கிறவன் அடையாளத்தைச் சொன்னதைத் தங்கவேல் அழுதுகொண்டே சொன்னான். கேட்கக் கேட்க சுப்புராயனின் முகம் வெளுத்தது. அவருக்குத் தங்கவேல் மேல் கோபமில்லை. அழகாக எழுதின பக்கத்தைப் பார்த்துத்தான் பயந்தார்.

"இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டாச்சு" என்றார் மெதுவாக. "கோர்ட்டுக்கும் லிஸ்டு போயாச்சு. தணிகாசலம் என்கிற வேலுன்னு. செத்தவனைச் சேர்த்தேன்னு நான் எப்படிய்யா எழுதறது? என் வேலை போயிடும்."

"அவனை வுட்டுடுங்க சாமி. என் பேரை மறுபடி எழுதிக்கோங்க. நாப்பது சரியாப் பூடும்."

"உன் பேரை எழுதத்தான் வேணும்" என்றார் சுப்புராயன். பேனாவை எடுத்துவிட்டார். "கேடி வேலுவோட ஒரே குடிசையில் இருக்கான், அந்தக் கேடியோட தொழில் பண்றான், போலீசுக்குப் பொய்த் தகவல் கொடுத்திருக்கான். இதெல்லாம் தெரிஞ்சப்புறம் நான் உன்னை வெளியில விட்டேன்னா நாளைக்கு யார் பதில் சொல்றது?"

"அப்ப வேலுவை வுட்டுடுவீங்கதானே சாமி? நாப்பத்தொண்ணு ஆய்டுமே!"

சுப்புராயன் எழுதுவதை நிறுத்தாமலே சொன்னார். "நாற்பதுக்குக் குறையக் கூடாதுன்னுதான் சொன்னேன். கூடக் கூடாதுன்னு யார் சொன்னது?"

லாக்கப் கதவைத் திறந்து தங்கவேலை உள்ளே தள்ளினார்கள். நிற்க இடமில்லாத நெரிசல். வெளியே தெற்கு மாட வீதிப் பக்கமிருந்து நாயனமும் கூட்டத்தின் இரைச்சலும் கேட்டன. வேலு ஆட்களை விலக்கிக்கொண்டு வந்து அவன் கையைப் பிடித்தான்.

"வந்துட்டியா மாமா! பேசிட்டியா? எப்ப வுடுவாங்க?" என்றான். பதிலுக்குக் காத்திராமல், "எவனோ ஒரு பாவி என்னை நல்லாப் பாத்து எழுதி வெச்சிகீறான் மாமா. புருவத் தழும்பு, கைத் தழும்பு, ஒண்ணு வுடலை. கயிறு அறுத்ததுன்னு கரெக்டா எழுதிகீறான். அது அவனுக்கு எப்படித் தெரியும்?" என்றான்.

பொய் சொல்லியிருக்கலாம். தங்கவேலால் முடியவில்லை. அந்தக் கை அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது, வடு உறுத்தியது. "நான்தான்டா சொன்னேன்" என்றான். எல்லாவற்றையும் சொன்னான். தணிகாசலத்தைச் சொன்னது, முகம் ஞாபகம் வராமல் போனது, காலையில் வந்து பேசியது, எல்லாம். இனிமேல் இவன் பிடிக்கிற கயிற்றில் நான் எந்த முகத்தோடு இறங்குவேன் என்று நினைத்தான்.

வேலு கையை விடுவித்துக்கொண்டான். அடிப்பான் என்று தங்கவேல் எதிர்பார்த்தான், அடித்தால் நல்லது என்றும் நினைத்தான். வேலு அடிக்கவில்லை. சுவரோரமாகப் போய்க் குந்தி, முழங்காலைக் கட்டிக்கொண்டான்.

பிறகு தலையைத் தூக்கினான்.

"நீயும் இங்க கீறே, நானும் இங்க கீறேன்" என்றான். "அக்காகூட யாரு மாமா கீறாங்க?"

வெறிச்சோடிக் கிடந்த கரை, இடுப்பில் ஊன்றிய கை, பொய் வலி என்று அவள் சொன்னபோது கடித்துக்கொண்ட உதடு, எல்லாம் ஒன்றாகத் தங்கவேலின் கண்முன் வந்தன. அது பொய் வலி இல்லை. அவனுக்கு அப்போதே தெரியும். தம்பியை மீட்டு வரட்டும் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"ஐயோ!" என்று கத்திக்கொண்டு கம்பியைப் பிடித்து உலுக்கினான். "ஏட்டையா! மீர்சாகிப்பேட்டையில அமீனா பீன்னு ஒரு அம்மா! யாராவது போய் ஒரு வார்த்தை சொல்லுங்களேன்! ஒரே ஒரு வார்த்தை! ஏட்டையா!" வேலுவும் எழுந்து ஓடி வந்து, பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவனோடு சேர்ந்து கத்தினான்.

வெளியே அதிர்வேட்டு வெடித்துச் சாமி புறப்பட்டது. ஸ்டேஷனில் இருந்தவர்கள் எல்லாரும் பார்க்க வாசலுக்குப் போய்விட்டார்கள். காவலுக்கு நின்ற ஒரு கான்ஸ்டேபிள் மட்டும் கம்பியருகே வந்து, விரலை நீட்டி நீட்டி உள்ளே இருந்தவர்களை எண்ணினான். பாதியில் இவர்கள் போட்ட கூச்சலில் எண்ணிக்கை தவறிப் போயிற்று.

"சும்மா இருங்கடா" என்று அதட்டிவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து எண்ணத் தொடங்கினான்.